ஐ3ஐக் கழற்றிவிட்டு ஐ7 போட்டால் கேம் ஓடுமா?

மட்டக்களப்பு நகரிலோ காத்தான்குடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ கணினி திருத்தும் கடை ஒன்றில் ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள். இந்தக் கேள்வி காதில் விழாமல் போகாது: "அண்ணே, இதுக்குள்ள ஐ3தான் கிடக்கு. அதைக் கழற்றிப்போட்டு ஐ7 போட்டா ஜிடிஏ சிக்காம ஓடுமா?" கேட்பவனுக்குப் பதினாறு, பதினேழு வயதிருக்கும். தோளில் டியூசன் பை தொங்கும். பக்கத்தில் அம்மாவோ மாமாவோ காசை எண்ணிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கடைக்காரர் அவசரத்தில் இருந்தால் "ஓடும் தம்பி" என்பார். இன்னொரு கடையில் "ஓடாது, புதுசா எடுங்க" என்பார்கள். இரண்டு பதிலும் சில பெட்டிகளுக்குச் சரி, சில பெட்டிகளுக்குப் பிழை. எந்தப் பெட்டிக்கு எது சரி என்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். அந்தப் பத்து நிமிடம் கிடைக்காமல்தான் எத்தனையோ வீடுகளில் காசு வீணாகிறது.

முதலில், எங்கள் பகுதி வீடுகளில் இருக்கும் பெட்டிகள் எவை? பெரும்பாலும் அலுவலகங்களில் ஓடி ஓய்ந்து, பாவித்த பொருளாக விற்பனைக்கு வந்தவை. டெல் ஒப்டிபிளெக்ஸ் 790, 7010, 3020, 9020, எச்பி கொம்பக் 8200, 8300, எலைட்டெஸ்க் 800. எல்லாம் 2011க்கும் 2014க்கும் இடைப்பட்ட காலத்துப் பிறவிகள். 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடிச் சூம் வகுப்பு தொடங்கியபோது, கட்டார், சவூதி என்று உழைத்து அனுப்பிய காசில் பிள்ளைகளின் படிப்புக்கென்று இப்படி வாங்கிய பெட்டிகள் பல. படிப்புக்கு அவை இன்றைக்கும் போதும். கேமுக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

கேம் ஓடும்போது உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1924இல் கட்டிய கல்லடிப் பழைய பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போக முடிந்தது. புளியந்தீவுப் பக்கமும் கல்முனைப் பக்கமும் வீதியை எவ்வளவு அகலமாக்கினாலும் பாலத்தடியில் காத்து நிற்பது காத்து நிற்பதுதான். 2013இல் பக்கத்தில் புதிய பாலம் திறந்த பிறகே அந்த நெரிசல் தீர்ந்தது. கேமில் புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் இரண்டு பாலங்கள். எதிரிகள் எங்கே நிற்கிறார்கள், கார் எங்கே முட்டியது, எந்தப் பொருளை வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது புரொசசர். அதைப் படமாகத் தீட்டுவது கிராபிக்ஸ் கார்ட். செக்கனுக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டுக்கும் கிடைப்பது 16.7 மில்லிசெக்கன். இரண்டில் எது பிந்தினாலும் திரை சிக்கும். பிந்தாத பாலத்தை அகலமாக்கினால் காசுதான் போகும்.

ஆகவே புரொசசர் வாங்கமுன் பார்க்க வேண்டிய முதல் விஷயம் பெட்டிக்குள் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்ட் இருக்கிறதா என்பது. நான் பார்த்த பெட்டிகளில் அரைவாசிக்கு மேல் இல்லை. மொனிட்டர் வயரை மதர்போட்டிலேயே செருகியிருப்பார்கள். அப்படியென்றால் படம் தீட்டுவதும் புரொசசருக்குள் இருக்கும் சின்னக் கிராபிக்ஸ்தான். ஐ3-3220இல் இருப்பது எச்டி 2500, ஐ7-3770இல் எச்டி 4000. ஐ7-4790க்குப் போனாலும் எச்டி 4600தான். ஏற்றம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஏற்றத்துக்காக ஐ7 வாங்குவதைவிட, அதே காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பாவித்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ ஒன்று போட்டால் கிடைப்பது வேறு உலகம். 2016இல் வந்த கார்ட் அது. 75 வாட்டுக்குள் அடங்கும். அநேக மொடல்களுக்குத் தனிப் பவர் வயர் தேவையில்லை, மதர்போட்டின் துளையிலிருந்தே மின்சாரம் எடுக்கும். 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650இலும் அப்படியான மொடல்கள் உண்டு. 290 வாட் பவர் சப்ளையோடு வரும் ஒப்டிபிளெக்ஸ் பெட்டிக்கு இதுதான் தோதான எல்லை. சிறிய ஒடுக்கமான பெட்டியென்றால் அரை உயரக் கார்ட் என்று கேட்டு வாங்க வேண்டும். அளக்காமல் வாங்கி, மூடி பூட்ட முடியாமல் திறந்தபடியே பாவிப்பவர்களை எனக்குத் தெரியும். கடற்காற்று ஊருக்கு அது கூடாத வேலை.

கார்ட் இருக்கிறது, இருந்தும் சிக்குகிறது என்றால் அளந்து பார்க்க வேண்டும். வின்டோஸ் 10இன் டாஸ்க் மனேஜரே இதற்குப் போதும். கேமை ஓடவிட்டு, ஜிபியூ எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 95ஐத் தாண்டி நின்றால் பிந்துவது கிராபிக்ஸ் கார்ட். புரொசசரைத் தொட வேண்டாம். ஜிபியூ 50, 60இல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கப் படம் சிக்கினால் சந்தேகம் புரொசசர் மேல் விழும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "புரொசசர் 40 சதவீதம்தான் காட்டுது, அதில பிழையில்லை" என்பார்கள். அந்த 40 எல்லாக் கோர்களின் சராசரி. ஒரு கோர் மட்டும் நூறில் முட்டி நிற்க, மற்றவை சும்மா இருக்கலாம். வரைபடத்தில் வலது பொத்தானை அழுத்தி, கோர்களைத் தனித்தனியாகக் காட்டச் செய்து பாருங்கள். இன்னும் நம்பிக்கையான சோதனை ஒன்றும் இருக்கிறது. கேமின் படஅளவை 1920×1080 இலிருந்து 1280×720க்கு இறக்குங்கள். தீட்டும் வேலை பாதிக்கும் கீழே குறைகிறது, கணக்கு வேலை குறையவில்லை. ஃபிரேம் எண்ணிக்கை, அதாவது செக்கனுக்கு வரும் படங்களின் எண்ணிக்கை, ஏறினால் குறை கார்ட்டில். அசையாமல் அப்படியே நின்றால் குறை புரொசசரில். ஒரு சதமும் செலவில்லாத சோதனை இது.

குறை புரொசசரில்தான் என்று உறுதியான பிறகு வருவது, மதர்போட்டில் புரொசசர் உட்காரும் சொக்கட் பற்றிய கேள்வி. எங்கள் ஆட்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான். நானும் அடிபட்டவன். கியூ65 சிப்செட் உள்ள ஒரு பெட்டிக்கு ஐ7-3770 வாங்கினேன். "1155 எல்லாம் ஒண்டுதான், எடுத்துப் போங்க" என்றார் விற்றவர். சிப் சொக்கட்டில் அழகாக உட்கார்ந்தது. பெட்டி உயிர்க்கவில்லை. இரண்டு கிழமை ராமையும் பவர் சப்ளையையும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

விஷயம் இதுதான். இன்டெலின் எல்ஜிஏ 1155 சொக்கட் 2011இல் இரண்டாம் தலைமுறையோடு வந்தது. 2012இல் வந்த மூன்றாம் தலைமுறைக்கும் அதே சொக்கட்தான். ஆனால் கியூ65, கியூ67, பி65 சிப்செட் உள்ள மதர்போட் பலகைகள் மூன்றாம் தலைமுறையை ஏற்பதில்லை. ஒப்டிபிளெக்ஸ் 790, எச்பி 8200 போன்றவை இந்த வகை. அவற்றுக்கு உச்சம் ஐ7-2600. எச்61 பலகைகள் பல ஏற்கும், ஆனால் பயோஸைப் புதுப்பித்த பிறகு. கியூ77 உள்ள ஒப்டிபிளெக்ஸ் 7010, எச்பி 8300 என்றால் ஐ7-3770 தாராளமாகப் போடலாம்.

2013இல் நான்காம் தலைமுறைக்கு எல்ஜிஏ 1150 என்று சொக்கட்டையே மாற்றினார்கள். ஒப்டிபிளெக்ஸ் 3020, 9020, எலைட்டெஸ்க் 800 ஜி1 எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். இதன் உச்சம் ஐ7-4790. 2015இல் வந்த எல்ஜிஏ 1151தான் எல்லாவற்றிலும் பொல்லாதது. ஆறாம், ஏழாம் தலைமுறைக்கும் 1151. 2017 கடைசியில் வந்த எட்டாம் தலைமுறைக்கும் பிறகு ஒன்பதாம் தலைமுறைக்கும் அதே 1151. அளவு ஒன்று, பெயர் ஒன்று, ஆனால் எச்110 பலகையில் ஐ5-8400 போட்டால் இயங்காது. எச்310, பி360 போன்ற 300 வரிசைப் பலகை வேண்டும். சொக்கட்டின் பெயரை மட்டும் கேட்டு வாங்குபவர் இங்கே நிச்சயம் ஏமாறுவார். கேட்க வேண்டியது சிப்செட்டின் பெயர்.

சிப்பின் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தையும் வாசியுங்கள். 'டி' என்றால் மின்சாரம் குறைத்த வகை: ஐ7-4790இன் அடிப்படை வேகம் 3.6 கிகாஹேர்ட்ஸ், ஐ7-4790டியில் அது 2.7. 'கே' என்றால் வேகம் கூட்டலாம், ஆனால் அலுவலகப் பெட்டியின் பலகை அதற்கு இடம் கொடுக்காது. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். 'எஃப்' என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. சியோன் ஈ3-1230 வி2 போன்ற சிப்களிலும் இல்லை.

சரி, மாற்றினால் கிடைப்பது என்ன? ஐ3-3220இல் இரண்டு கோர், நான்கு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்). ஐ7-3770இல் நான்கு கோர், எட்டுத் திரெட். ஒரு கோரின் பலத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டும் ஒரே தலைமுறை. ஆகவே ஒரு கோரை மட்டும் நம்பி ஓடும் பழைய கேம்களில் ஃபிரேம் எண்ணிக்கை கொஞ்சம்தான் ஏறும். ஆனால் ஜிடிஏ 5இல் நடு நகரத்தில் வேகமாகக் கார் ஓட்டும்போது வரும் அந்தத் திடீர்த் தடக்கல் இருக்கிறதே, அது பெருமளவு அடங்கும். அந்தக் கேமைச் செய்தவர்களே 2015இல் பரிந்துரைத்த புரொசசர் நான்கு கோர் உள்ள ஐ5-3470. இரண்டு கோரை வைத்துக்கொண்டு அது சிக்குகிறதென்றால் அதிசயமில்லை.

எங்கள் பிள்ளைகள் விளையாடுவதில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஃபிரீ ஃபயர் போன்ற போன் கேமைப் புளூஸ்டக்ஸ் மாதிரியான எமுலேட்டரில் கணினியிலே விளையாடுகிறார்கள். எமுலேட்டர் என்பது கணினிக்குள் இன்னொரு போனை ஓட்டுவது. அதற்கு இரண்டு கோரைக் கொடுத்துவிட்டால் ஐ3இல் வின்டோஸுக்கென்று அதிகம் மிஞ்சாது. இந்த வேலையில் ஐ3க்கும் ஐ7க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அதற்கு முன், பயோஸில் வேர்ச்சுவலைசேஷன் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அது மூடிக் கிடந்து எமுலேட்டர் தவழ்வதைப் பார்த்து, புரொசசரே பழுது என்று முடிவெடுத்தவர்கள் உண்டு.

ஐ5இலிருந்து ஐ7க்கு மாறுவது வேறு கதை. ஐ5-4570 வைத்திருப்பவர் ஐ7-4790 போட்டால் கூடுதலாகக் கிடைப்பது நான்கு திரெட்டும் சிறிது வேகமும். விளையாடிக்கொண்டே திரையைப் பதிவுசெய்பவருக்கு அது உதவும். மற்றவர்களுக்கு அந்தக் காசைச் சேர்த்து வையுங்கள் என்றே சொல்வேன். 2022 தொடக்கத்தில் வந்த ஐ3-12100எஃப், பெயரில் ஐ3ஆக இருந்தாலும், நான்கு கோர் எட்டுத் திரெட்டோடு அந்த ஐ7-4790ஐக் கேமில் வெகுதூரம் பின்னால் விட்டுவிடும். ஐ3, ஐ7 என்பது அந்தந்தத் தலைமுறைக்குள் உள்ள வரிசை மட்டும்தான். "ஐ7 பெட்டி" என்று விளம்பரம் போட்டு விற்பவரிடம் எத்தனையாம் தலைமுறை என்று கேட்காமல் காசைக் கொடுக்க வேண்டாம்.

ராம் பற்றிச் சுருக்கமாக: 8 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் இன்னொரு 8 ஜிபி குச்சியைப் பக்கத்தில் போடுங்கள். டிடிஆர்3-1600 ஒரு குச்சி செக்கனுக்கு 12.8 ஜிபி கொண்டுபோகும், சோடியாகப் போட்டால் 25.6. தனிக் கார்ட் இல்லாத பெட்டியில் இதுவே பெரிய மாற்றம். எஸ்எஸ்டி போட்டால் கேம் கெதியாகத் திறக்கும், ஃபிரேம் எண்ணிக்கை ஏறாது. அதை வேறு நன்மைக்காகப் போடலாம்.

வெக்கையையும் உப்பையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போக மனமில்லை. கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி என்று தெற்கே போகும் எழுவான்கரை முழுவதும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. யன்னல் கம்பியைத் தின்னும் அதே காற்றுத்தான் பெட்டிக்குள்ளும் போகிறது. கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கூரை வீட்டின் அறை பகலில் 33, 34 பாகையில் நிற்கும். அறையில் ஏறும் ஒவ்வொரு பாகையும் புரொசசரில் ஒரு பாகையாக ஏறும். 100 பாகையை நெருங்கும்போது சிப் தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைக்கும். பத்து வருடத்துக்கு முன் தொழிற்சாலையில் பூசிய தேர்மல் பேஸ்ட் இன்றைக்குச் சுண்ணாம்புபோல் காய்ந்திருக்கும். பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிதாகப் பூசி, ஹீட்சிங்கின் இடுக்கில் அடைந்த தூசியைத் தூரிகையால் எடுத்துவிட்டதும், புரொசசர் மாற்ற வேண்டுமென்று வந்த பெட்டி மாற்றாமலே திரும்பிப் போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ராம் குச்சியின் பொன்நிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்ப்பதும் இந்த ஊருக்கு அவசியமான வேலை. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் துப்புரவு, பிறகு சோதனை, அதன் பிறகே சிப்.

சிப்பை மாற்றும்போதும் இதே வெக்கைக் கணக்குத்தான். ஐ3-3220 தின்பது 55 வாட், ஐ7-3770 77 வாட், ஐ7-4790 84 வாட். மூன்றாம், நான்காம் தலைமுறையில் இன்டெல் சிப்புக்கும் அதன் உலோக மூடிக்கும் இடையில் ஈயப்பற்றுக்குப் பதிலாகப் பேஸ்ட் வைத்ததால் அவை இரண்டாம் தலைமுறையைவிட வெக்கையைப் பிடித்து வைப்பவை. ஐ3உடன் வந்த குட்டி ஹீட்சிங்கை ஐ7இன் தலையில் வைத்தால் கச்சான் காலத்தில் ஐ7 வாங்கிய பயனே தெரியாது. ஹீட்சிங்கையும் சேர்த்து விலை பேசுங்கள்.

பயோஸ் புதுப்பிப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. புதிய சிப்பைப் போடமுன், பழைய சிப் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும். நடுவில் கரண்ட் போனால் பலகை செத்துவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலம் போய்விட்டது. ஆனால் மாரியில் வாடைக்காற்றோடு மழை கொட்டும் நாளில் கரண்டை நம்ப முடியாது. யூபிஎஸ் இல்லாமல் பயோஸில் கை வைக்காதீர்கள்.

ஏஎம்டி பெட்டி வைத்திருப்பவர்கள் எங்கள் பக்கம் குறைவு. ஆனால் ரைசன் வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது. 2017இல் ஏஎம்4 சொக்கட்டில் முதல் ரைசன் வந்தது. அந்தக் காலத்து ஏ320, பி350 பலகைகளிலேயே, 2022இல் வந்த பயோஸ்களோடு, 5000 வரிசையைப் போட முடிகிறது. நான்கு கோர் ரைசன் 3 2200ஜியைக் கழற்றிவிட்டு ஆறு கோர் ரைசன் 5 5600 போடுவது, நான் இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லா மாற்றங்களிலும் காசுக்கு அதிகப் பலன் தருவது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: 2200ஜிக்குள் கிராபிக்ஸ் இருந்தது, 5600க்குள் இல்லை. தனிக் கார்ட் இல்லாவிட்டால் திரை இருண்டபடியே இருக்கும். அப்போது 5600ஜி எடுக்க வேண்டும். இன்னொன்று, ஏஎம்4இல் ஊசிகள் சிப்பிலேயே இருக்கின்றன. காய்ந்த பேஸ்டோடு ஹீட்சிங்கை மேலே இழுத்தால் சிப்பும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்ச நேரம் கணினியை ஓடவிட்டு, பேஸ்ட் இளகிய பிறகு நிறுத்தி, இடம் வலமாகத் திருகிக் கழற்றுங்கள்.

இனி, பழைய பெட்டிக்கு எவ்வளவு காலம் மிச்சம் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வின்டோஸ் 11 கேட்பது இன்டெலின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது. வின்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. வலரன்ட் கேம் வின்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்கியூர் பூட் இரண்டும் இல்லாமல் ஓடாது. 2025இல் வந்த பட்டில்ஃபீல்ட் 6உம் செக்கியூர் பூட் கேட்கிறது. கள்ள விளையாட்டைத் தடுக்க வைத்த பூட்டுகள் இவை. ஐ7 போட்டாலும் பழைய பலகையால் இந்தப் பூட்டுகளையெல்லாம் திறக்க முடியாது. ஜிடிஏ 5, பழைய ஃபிஃபா, கோல் ஒஃப் டியூட்டியின் பழைய பாகங்கள், எமுலேட்டர் என்று விளையாடுபவனுக்கு இந்தப் பெட்டி இன்னும் சில வருடம் உழைக்கும். புதிய ஒன்லைன் போட்டிகளில் இறங்க ஆசைப்படுபவனுக்கு அதில் போடும் ஒவ்வொரு ரூபாயும் திரும்பி வராத காசு.

புதிதாக எடுப்பது எங்கள் மக்களுக்கு ஏன் இவ்வளவு பாரம் என்பதற்குக் காரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. பிறகு 300 அளவுக்கு இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். கணினிச் சாமான் எல்லாம் டொலரில் வருவது. 2025 கடைசியில் உலகம் முழுவதும் ராம் விலையும் ஏறியது. எனவே "பழசைத் தூக்கிப் போடு" என்று இலகுவாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதேநேரம், செத்துப்போன 1155 பலகைக்குப் பதிலாகப் புதிதாகச் செய்த எச்61 பலகை வாங்குவதையும், 14 கோர் என்று ஆசைகாட்டி விற்கும் பழைய சியோன் ஈ5, எக்ஸ்99 சோடிகளை வாங்குவதையும் நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஈ5-2680 வி4இல் 14 கோர் இருப்பது உண்மைதான். ஒரு கோரின் உச்ச வேகம் 3.3 கிகாஹேர்ட்ஸ், கேமுக்கு வேண்டியது வேகமான சில கோர்கள். பலகை செத்தால் அந்தத் தலைமுறையை அதோடு விட்டுவிட வேண்டும்.

என் தீர்ப்பை ஒளிவில்லாமல் சொல்கிறேன். தனிக் கார்ட் இருந்து, பென்டியமோ ஐ3யோ போட்ட பெட்டியாக இருந்து, பலகை ஏற்குமென்றால், அதே சொக்கட்டின் பாவித்த ஐ7ஐ வாங்கிப் போடுங்கள், நல்ல முடிவு. ஐ5 இருந்தால் தொடாதீர்கள். கார்ட் இல்லையென்றால் முதலில் கார்ட்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விலை குறைவென்று பஸ் ஏறமுன், அல்லது அங்கிருந்து பார்சலில் அனுப்பச் சொல்லமுன், சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளை ஒருமுறை ஓட்டுங்கள். சிப்செட்டின் பெயர், பயோஸ் பதிப்பு, இப்போதிருக்கும் புரொசசரின் முழுப் பெயர் மூன்றும் அதில் இருக்கும். பவர் சப்ளையின் வாட் எண்ணிக்கை அதன் பக்கத்தில் ஒட்டிய தாளில் இருக்கும். நான்கையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டு, ஆம் என்று பில்லில் எழுதித் தந்தால் மட்டும் வாங்குங்கள்.